களத்தில் சொன்ன கணக்கு

கந்தப்போடி என்ற பெயரைக் கேட்டால் வெளியூர்க்காரர் கொஞ்சம் மரியாதையாக நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் பக்கத்தில் போடியார் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வைத்திருக்கிற பெரிய மனிதர். இவருக்கு அது பெயரோடு சரி. வயல் இளையதம்பிப் போடியாருடையது, சேறு கந்தப்போடியுடையது. தகப்பன் ஆசைக்கு வைத்த பெயர். ஆசைக்கு அரசாங்கம் வரி போடுவதில்லை.

நான் மண்முனைத் துறையில் தோணி வலித்தவன். ஆரையம்பதிப் பக்கம் ஏற்றி, வாவிக்கு அந்தப்புறம் படுவான்கரையில் இறக்குவேன். தோணியில் ஏறினால் யாருக்கும் வாய் சும்மா இராது. அதனால் இரண்டு கரையிலும் எந்த வீட்டில் என்ன கறி, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு ஊரை ஆளும் விதானையாருக்கும் தெரியாது. கந்தப்போடியைப் பற்றி நான் சொல்வதில் பாதி கண்ணால் கண்டது. மீதி தோணியில் ஏறியது.

அவருக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. கணக்கன். அவருக்கு முன்னால் அதைச் சொல்ல மாட்டார்கள்.

அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் மனக்கணக்கில் புலி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஆனால் ஒரு பட்டி மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை தலை என்று சொல்லுவார், சரியாக இருக்கும். ஐம்பத்தேழாம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்கு முந்திய அறுவடை. இளையதம்பிப் போடியாரின் களவெட்டியில் மாடு விட்டுச் சூடு மிதித்து, நெல் குவிந்து கிடக்கிறது. களவெட்டி என்றால் மற்ற ஊர்க்காரர் நெற்களம் என்பார்கள். அங்கே எங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. பெண்கள் மிதிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள், கடகத்தைப் பெருவாயன் என்பார்கள். அளக்கும்போதுகூட ஒன்று என்று தொடங்காமல் பொலி என்றுதான் தொடங்குவார்கள். அளக்குமுன் இவ்வளவு இருக்கும் என்று மதிப்பு மட்டும் யாரும் வாயால் சொல்லிவிடக் கூடாது. களத்தைச் சுற்றிப் பூதம் காது வைத்துக்கொண்டு நிற்குமாம். நல்ல விளைச்சல் என்று கேட்டால் அள்ளிக்கொண்டு போய்விடும்.

அன்றைக்குப் போடியார் தன் பெரிய சம்பந்தியைக் கூட்டிவந்து களத்தைக் காட்டினார். சம்பந்தியின் முன்னால் கெட்டிக்காரனாக நிற்க வேண்டும் என்று கந்தப்போடிக்கு மனதுக்குள் ஒரு புழு. குவியலைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"நூத்திருபது மூட்டைக்குக் குறையாது போடியார்" என்றார், களத்தின் நடுவில் நின்று.

அன்று இருட்டியதும் காலமில்லாத காலத்தில் மழை பிடித்தது. விடிந்தும் விடவில்லை. குவியலுக்கு அடியில் வெள்ளம் போய், வெயில் எறித்தபோது நெல் முளைவிட்டிருந்தது. போடியார் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லது.

"இனிமே உண்ட வாயில இலக்கம் வரப்படாது. விளங்கிச்சா?" என்று மட்டும் சொன்னார்.

வரவேயில்லை. அவருக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். பிறகு கண்ணகை வந்தாள். அவளுக்குத் துணிச்சல் அதிகம் என்று ஊர் சொன்னது; வேறு மாப்பிள்ளை வரவில்லை என்று என் பெண்சாதி சொன்னாள். கடையில் "ஒரு கொத்து அரிசி" என்று கேட்கமாட்டார், "கொஞ்சம் அரிசி" என்பார். குடிசனமதிப்புக்கு வந்த உத்தியோகத்தர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டபோது, "இரிக்குதுகள் ஐயா, உள்ள வந்து பாருங்க" என்றார். என் தோணியில் ஏறினால் கையை விரித்துச் சில்லறையை நீட்டுவார். நான் எடுத்துக்கொள்வேன். நானும் மனச்சாட்சி உள்ளவன், அதிகம் எடுத்ததில்லை.

அறுபதுகளின் கடைசியில் அரசாங்கம் படுவான்கரையில் வாவியோரமாகக் கிடந்த நாவலடி வட்டை என்ற வயல்வெளியை, கூட்டுறவாகச் சேர்ந்து செய்பவர்களுக்கு வருட அனுமதியில் கொடுத்தது. போடியார்மார் யாரும் அதற்குப் போட்டி போடவில்லை. காரணம் உப்பு. மாரியில் முகத்துவாரத்தை வெட்டிக் கடலைத் திறந்துவிட்டால், பிறகு வாவித் தண்ணீர் உவர்த்து அந்த நிலத்துக்குள் ஊறும். கந்தப்போடியும் அவரைப்போல் கூலிக்கு மாரடித்த பத்துப் பன்னிரண்டு பேரும் சங்கமாகச் சேர்ந்து அதை எடுத்தார்கள். வரம்பை உயர்த்தினார்கள். கோடையில் ஊர் மாட்டையெல்லாம் கெஞ்சிக் கொண்டுவந்து வயலுக்குள் பட்டி அடைத்தார்கள், வாரத்துக்கொரு இடமாகப் பட்டியை மாற்றினார்கள். பூவரசங்குழையும் எருக்கலையும் வெட்டிச் சேற்றில் புதைத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லா வட்டைக்கும் யூரியா மூட்டை வந்துவிட்டது. இவர்களுக்கும் வந்தது. கந்தப்போடி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். வெள்ளை வெளேர் என்று உப்பைப்போல இருந்தது.

"உப்புக்குப் பயந்து வரம்பு கட்டுறம். மறுகா நாமளே உப்ப வாங்கிப் போடுறதா?" என்று திரும்பக் கட்டி வைத்துவிட்டார்.

அது உப்பில்லை என்று படித்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. மற்றவர்களும் அவர் பக்கமே நின்றார்கள். சொந்தமில்லாவிட்டாலும் யாருடைய அதட்டலும் இல்லாமல் அவர்கள் கால் வைத்த முதல் மண் அது. கந்தப்போடி விடிய எழும்பிப் பல் விளக்காமலே வரம்பில் ஒரு நடை நடந்துவிட்டு வருவார். "பொண்டாட்டிய இப்பிடிப் பார்த்ததில்ல" என்று கண்ணகை என்னிடம் குறைப்பட்டாள். குறையாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

எழுபத்திரண்டாம் ஆண்டு பங்குனியில் ஒருநாள் என் தோணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மிஸ் மார்கிறட். வேதக்காரர் ஊரான தன்னாமுனைப் பிள்ளை, டவுனில் விவசாயப் பகுதிக் கந்தோரில் உத்தியோகம். முப்பது தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. ஒரு டொக்டரோடு பேசி முறிந்தது என்று ஊர்க்கதை. நான் கேள்விப்பட்டது இரண்டு டொக்டர். மற்றவர் ஒரு வெள்ளைக்காரர், இத்தாலித் துரை. வெயிலில் வெந்து இறால் நிறத்தில் இருந்தார்.

தோணி நடு வாவிக்கு வந்ததும் நான் மெல்ல வாயைக் கிண்டினேன்.

"துரை என்ன, மீன் வாங்கவா மிஸ் போறார்?"

"நாவலடிச் சங்கத்தப் பாக்க வந்தவர். அவங்கட ஊரிலயும் இப்பிடிச் சங்கம் இரிக்காம். கடற்கரைப் பக்கம், ஒலிவ மரத் தோட்டம். மூட்டைப் பசளை போடாம ஆட்டெருவில செய்யிறாங்களாம். இவர் நல்ல மாதிரி எழுதினா, மேலிடத்தில இந்தக் காணிய இவங்களுக்கே நிரந்தரமாக் குடுப்பாங்க. நான்தான் நாலு மாசமாக் கெஞ்சி இவரக் கூட்டி வந்தன்."

"எழுதாட்டி?"

அவர் வாவியைப் பார்த்தார். "யூரியா போடாதவனுக்கு என்னத்துக்குக் காணி எண்டு எங்கட பெரிய ஐயா கேட்டுக்கொண்டுதான் இரிக்கார். இளையதம்பிப் போடியார்ர மருமகன் விண்ணப்பம் போட்டிட்டார். பக்கத்து வட்டையவிட விளைச்சல் குறைஞ்சா இந்த வருஷத்தோட சரி."

உப்பு நிலம் என்று காறித் துப்பியவர்களுக்கு, யாரோ ஐந்து வருடம் எருப் போட்ட பிறகு அது இனிக்கத் தொடங்கிவிட்டது.

நாங்கள் போய் இறங்கியபோது களவெட்டியில் சூடு மிதித்து முடித்து, பொலி குவித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு குவியலை அந்த வட்டை கண்டதில்லை. எனக்கே வாயில் ஏதோ வந்தது, விழுங்கிவிட்டேன். மிஸ் மார்கிறட் நேரே களத்துக்குள் காலை வைக்கப் போனார். கந்தப்போடி ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"மிஸ், மன்னிக்கோணும். பொம்புளையள் இதுக்குள்ள வரப்படாது. இஞ்ச நிழல் இரிக்கி."

மிஸ்ஸின் முகம் கறுத்தது. ஆனாலும் சண்டை பிடிக்கவில்லை. நாவல் மரத்தடியில் கண்ணகை ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள், அதில் இருந்தார். துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மண்ணைக் கிள்ளி மணந்தார். பட்டி அடைத்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கந்தப்போடியின் தோளில் தட்டினார். பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, அவர்கள் ஊர் ஒலிவங்காய் என்று நீட்டினார். கந்தப்போடி ஒன்றை வாயில் போட்டார். துப்பவும் வழியில்லை, விழுங்கவும் வழியில்லை.

"என்னண்ணே, எப்பிடி?" என்றேன்.

"பாவம்டா இந்த மனிசன். இதத் திண்டா வளர்ந்தவர்?"

எல்லாரும் சிரித்தோம். துரையும் சிரித்தார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு துரை மரத்தடிக்குப் போய் மிஸ் மார்கிறட்டிடம் ஏதோ கேட்டார். அவர் எழுந்து நின்று களத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கந்தப்போடி! துரை கேக்கிறார், ஏக்கருக்கு எத்தன புசல் வரும்?"

களத்தில் நின்றவர்கள் எல்லாரும் கல்லாகிவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை களத்துக்கு வெளியில் நின்று, பூதத்துக்கும் கேட்கும்படி, அளக்காத பொலிக்கு மதிப்புக் கேட்கிறது. கந்தப்போடியின் கையில் இருந்த பெருவாயன் நழுவிக் கீழே விழுந்தது.

"அளந்திட்டுச் சொல்லுறன் மிஸ்."

"அளந்து முடிக்க நாளாகும், துரை நாளைக்கே கொழும்புக்குப் போயிருவார். சும்மா ஒரு மதிப்புச் சொன்னாப் போதும்."

கண்ணகை மிஸ்ஸின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "கேக்காதங்க புள்ள, அங்க கேக்கப்படாது" என்றாள். மிஸ் அவளைப் பார்த்துச் சிரித்து, "பயப்படாத, உங்கட நன்மைக்குத்தான்" என்றார்.

கந்தப்போடி குவியலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். சங்கத்து ஆட்களைப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தில் அந்தப் பழைய மழை தெரிந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாவிக்கு அக்கரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என்னத்தச் சொல்ல மிஸ்! எலி திண்டு, கிளி திண்டு, உப்புத் திண்டு... இருவது புசல் வந்தாப் பெரிய காரியம்!"

களத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். மிஸ்ஸுக்கும் மறுமொழி ஆயிற்று, பூதமும் ஏமாந்து போகும். களத்தில் சொல்வதை எவன் கணக்கில் எடுப்பான்? வாயால் சொன்னது ஒன்று, மரைக்காலால் அளப்பது ஒன்று, இது பால்குடிக்கும் தெரிந்த முறை. "கணக்கன் கணக்கன்தான்கா!" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அதைப் பாராட்டாகச் சொன்னார்கள். கந்தப்போடி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மரத்தடியில் துரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

கண்ணகையின் நண்டுக்கறியை மிஸ் மார்கிறட் தொட்டுப் பார்த்ததோடு சரி. திரும்பி வரும்போது தோணியில் குடையை விரிக்காமலே வெயிலில் இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மிஸ், இவ்வளவு விளைச்சலப் பார்த்திட்டு அழுறமாதிரி இரிக்கிங்க?"

"இருவது. பக்கத்து வட்டையில முப்பத்தஞ்சு வருது. நான் என்ன முகத்தோட ஐயாட்டப் போற?"

நான் சிரித்தேன். அவர் முறைத்த முறைப்பில் துடுப்பை மாற்றிப் பிடித்தேன். களத்து முறையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பூதம், பொலி, ஐம்பத்தேழாம் ஆண்டு மழை எல்லாம். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். அவர் வளர்ந்தது கோயில் மணிக்கும் மீன் தோணிக்கும் நடுவில். களவெட்டியைக் கண்டதே அன்றைக்குத்தான். துரைக்கு இங்கிலிசில் சொல்லிப் பார்த்தார். துரை தலையை ஆட்டினார், எழுதியதை வெட்டவில்லை. பேய்க்குப் பயந்து பொய் சொன்னார்கள் என்று எப்படி எழுதுவது என்று கேட்டாராம். நியாயமான கேள்வி.

"அளந்த கையோட கந்தப்போடியக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு வாங்க. அவர்ர வாயால ஐயாட்டச் சொல்லட்டும்" என்றார் மிஸ், துறையில் இறங்கும்போது.

நான் அடுத்த நடையிலேயே திரும்பிப் போய் விசயத்தைச் சொன்னேன். கந்தப்போடிக்கு விளங்க நேரம் எடுத்தது.

"களத்தில சொன்னத எழுதிக்கொண்டு போனவங்களா? படிச்ச ஆக்கள்!"

அவருக்குக் கோபமில்லை, ஆச்சரியம். வேதக்காரர் கோயிலில் செருப்போடு நிற்பதைக் கண்டவர் மாதிரி. பிறகுதான் மெல்ல மெல்ல முகம் சாம்பலாகியது.

அளந்து பார்த்தார்கள். ஏக்கருக்கு நாற்பத்தெட்டு.

கந்தோருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கதைக்கத் தெரியும் என்பதால் மட்டுமில்லை. இலக்கத்தை நான் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை. வேட்டி துவைத்து, சட்டை போட்டு, நெற்றியில் திருநீற்றோடு வந்தார். சங்கத்து ஆட்கள் எல்லாரும் வெளியில் வேலியோரம் குந்தியிருந்தார்கள். பெரிய ஐயா மேசைக்குப் பின்னால், மிஸ் மார்கிறட் கதவோரம்.

"ஐயா, அளந்தாச்சு. நாப்பத்தெட்டு" என்றேன்.

"நீ ஆர்?"

"தோணிக்காரன் ஐயா."

"தோணிக்காரன் தோணியப் பாக்கட்டும். சங்கத் தலைவர் சொல்லட்டும். எத்தன?"

கந்தப்போடி வாயைத் திறந்தார். "நாப்..." என்றார். அத்தோடு நின்றுவிட்டது. நெல் இன்னும் சங்கக் கொட்டிலில் கிடந்தது, வெளியில் இலேசாக மழை மப்பும் கட்டியிருந்தது. பொய் இலக்கத்துக்கு அசைந்த நாக்கு மெய் இலக்கத்துக்கு அசையவில்லை. நான் முதுகில் இடித்தேன். மிஸ் மார்கிறட் கதவோரத்திலிருந்து, "சொல்லுங்க அண்ணன், சொல்லுங்க" என்று உதட்டை அசைத்தார்.

"அளந்தது அளந்ததுதான் ஐயா" என்றார் கந்தப்போடி.

பெரிய ஐயா சிரித்தார். "துரைக்கு முன்னால இருவது. இண்டைக்கு ஒரு தோணிக்காரன் நாப்பத்தெட்டு எண்டுறான். ஊரெல்லாம் நெல் வாங்கிக் கலந்திட்டு வந்திரிக்கிங்க. எனக்குத் தெரியாதா?"

"இல்ல ஐயா. அது களத்தில சொன்னது. களத்தில நாங்க உண்மை சொல்லுறதில்ல."

"அப்ப கந்தோரில மட்டும் உண்மை சொல்லுவியோ?"

பக்கத்து மேசைகளில் எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பகிடிதான். வேறு யாரைப் பற்றி என்றாலும் நானும் சிரித்திருப்பேன். மிஸ் மார்கிறட் ஏதோ சொல்ல முன்னுக்கு வந்தார். "நீங்க கூட்டிவந்த ஆள்தானே எழுதிக்கொண்டு போனவர்" என்றார் ஐயா. சித்திரை முடிய மிஸ்ஸுக்கு மன்னார்ப் பக்கம் மாற்றம் வந்தது. கலியாணப் பேச்சு ஒன்றும் வந்ததாகச் சொன்னார்கள். முடிவு என் தோணியில் ஏறவில்லை.

நாவலடி வட்டை போடியாரின் மருமகனுக்குப் போனது. சங்கத்து ஆட்கள் நாலு திசைக்கும் சிதறினார்கள். கந்தப்போடி எங்கும் போகவில்லை. அதே வட்டையில், அதே வரம்பில் கூலிக்கு நின்றார். யூரியா மூட்டையை அவிழ்த்துக் கையால் வீசியது அவர்தான். பல் விளக்காமல் வரம்பு பார்க்கப் போகும் பழக்கம் நின்றுவிட்டதென்று கண்ணகை சொன்னாள். இந்தமுறை உண்மையிலேயே குறையாகச் சொன்னாள்.

அடுத்த பங்குனி. மருமகன் ட்ரக்டர் கொண்டுவந்து சூடு மிதித்தார். டிரைவர் செருப்போடு களத்தைச் சுற்றினான். நெல்லை மூட்டை கட்டி, துறையில் என் தோணிக்கு ஏற்றினார்கள். சுமந்து வந்தவர்களில் கந்தப்போடியும் ஒருவர். துறைக்குப் பக்கத்துக் களத்தில் இன்னும் முக்கால்வாசி அளக்காமல் வெட்டவெளியில் குவிந்து கிடந்தது.

அவர் முதல் மூட்டையைத் தோணியில் போட்டார். நிமிர்ந்து, குவியல் பக்கமாகத் திரும்பி உரத்த குரலில் சொன்னார்.

"ஒண்டு!"

அடுத்த மூட்டை.

"ரெண்டு!"

"அண்ணே, என்ன இது, பொலி எண்டு சொல்லுங்க" என்றேன் மெதுவாக.

"மூண்டு!"

வரம்பில் கூலிச்சோற்றோடு நின்ற கண்ணகை காதைப் பொத்திக்கொண்டாள். மருமகனின் கங்காணி ஓடிவந்தான். "விசரா உனக்கு? வாயப் பொத்து!" என்று கத்தினான். கந்தப்போடி அவனை விலத்திக்கொண்டு போய் அடுத்த மூட்டையைத் தூக்கினார். ஏற்றி முடியும்வரை எண்ணினார். பிறகு மிச்சக் குவியலைச் சுற்றி ஒருதரம் நடந்து, இளந்தாரியாக இருந்தபோது பார்த்ததைப்போல் அதைப் பார்த்து, அதில் எத்தனை மூட்டை தேறும் என்பதையும் ஒரு சொல் குறையாமல், சத்தமாக, நாலு பக்கமும் திரும்பிச் சொன்னார்.

பிறகு வந்து துறையில் குந்தினார். மேற்கே பார்த்தார், கடல் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். கங்காணியும் பார்த்தான். எங்கும் ஒரு துண்டு மேகம் இல்லை. வெயில் எறித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அப்படியே இருந்தோம். வெயில் சாய்ந்தது. காற்றுக்கூட மாறவில்லை.

கண்ணகை காதிலிருந்து கையை எடுத்தாள்.

கந்தப்போடி தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என் மடியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ரெண்டு வெத்தில தா" என்றார்.